மறைத்தவை மீண்டெழும் கீவ்

உக்ரைனின் தலைநகர் கீவ், தினீப்ரோ ஆற்றின் மேடான வலக்கரையில் வளர்ந்த நகரம். ஆற்றையொட்டிய குன்றுகளின் மேல் ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஆலயங்களும் மடங்களும் நிற்கின்றன. அவற்றைச் சுற்றியே நகரத்தின் முக்கியமான அருங்காட்சியகங்களும் நினைவிடங்களும் அமைந்திருக்கின்றன. இங்கே ஒரு பொருளின் அழகுக்கு இணையாக இன்னொரு கதையும் எப்போதும் கூடவே வருகிறது: அதை யார் ஒளித்தார்கள், எத்தனை ஆண்டு ஒளித்தார்கள், எப்படி மீண்டது என்ற கதை. சோவியத் ஆட்சி இடித்தது. நாஜி ஆக்கிரமிப்பு கொள்ளையடித்தது. 2022 பிப்ரவரி 24 முதல் ரஷ்ய ஏவுகணைகள் விழுந்துகொண்டிருக்கின்றன. இவற்றில் ஒன்றின் தழும்பாவது இல்லாத காட்சிக்கூடம் கீவில் அரிது.

இடித்த ஆலயமும் இடிக்காத ஆலயமும்

மேல் நகரத்தின் மையம் புனித சோபியா பேராலயம். 11ஆம் நூற்றாண்டில், ‘அறிஞர்’ என்று வரலாறு போற்றும் மன்னர் யாரொஸ்லாவின் காலத்தில் எழுந்த இந்த ஆலயத்தை 1934இல் சோவியத் அரசு அருங்காட்சியகமாக மாற்றியது. உள்ளே சுமார் 260 சதுர மீட்டர் மொசைக்கும் 3,000 சதுர மீட்டர் சுவரோவியமும் அந்தக் காலத்தவையாகவே எஞ்சியிருக்கின்றன. கருவறை வளைவில், பொன்னிறப் பின்புலத்தில், இரு கைகளையும் உயர்த்தி வேண்டும் மரியன்னையின் உருவம் ஏறக்குறைய 6 மீட்டர் உயரம். அந்த அன்னை நிற்கும்வரை நகரமும் நிற்கும் என்பது கீவ் மக்களின் பழைய நம்பிக்கை.

அவசரமாகப் பார்ப்பவர்கள் இந்த மொசைக்கோடு திரும்பிவிடுகிறார்கள். கோபுரப் படிக்கட்டுகளின் சுவர்களையும் பார்க்க வேண்டும். அங்கே புனிதர்களுக்குப் பதிலாக வாத்தியக்காரர்கள், கூத்தாடிகள், வேட்டைக் காட்சிகள். ஆலயத்தின் மற்றச் சுவர்களில் இடைக்காலத்துப் பக்தர்கள் கூர்முனையால் கீறிவைத்த வேண்டுதல்களும் பெயர்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. யாரொஸ்லாவின் பளிங்குக் கல்லறைப் பெட்டியும் உள்ளே இருக்கிறது. 2009இல் அதைத் திறந்தபோது மன்னரின் எலும்புகள் அதில் இல்லை. இரண்டாம் உலகப் போரின் குழப்பத்தில் அவை எங்கோ போய்விட்டன. யுனெஸ்கோ 1990இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த இந்த ஆலயம், 2023இல் ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2025 ஜூனில் நடந்த ரஷ்யத் தாக்குதலின் அதிர்வில் கருவறைப் பக்கத்து வெளிச்சுவரின் அலங்கார விளிம்பு சேதமடைந்தது.

சோபியாவின் எதிர்ப்புறத்தில், சதுக்கத்தின் மறுமுனையில், நீலச் சுவரும் பொற்குவிமாடங்களுமாக நிற்கிறது புனித மிகைலின் மடம். பார்த்தால் பழைய கட்டடம். உண்மையில் 1990களின் இறுதியில் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மூல ஆலயத்தை 1937இல் சோவியத் அரசு வெடிவைத்துத் தகர்த்தது. தலைநகர் கார்கிவிலிருந்து கீவுக்கு மாறியதால் இந்த இடத்தில் பிரமாண்டமான அரசு வளாகம் எழுப்பத் திட்டம். திட்டமிட்ட இரட்டைக் கட்டடங்களில் ஒன்று மட்டுமே எழுந்தது. அதில் இப்போது உக்ரைனின் வெளியுறவு அமைச்சகம் இயங்குகிறது. இன்னொன்று வரவேயில்லை. ஆலயத்தை இடித்ததுதான் மிச்சம்.

இடிப்பதற்கு முன் அறிஞர்களிடம் ஒப்புதல் கையெழுத்து கேட்டார்கள். தொல்லியல், கலை வரலாற்று அறிஞர் மிகோலா மகரென்கோ மறுத்துவிட்டார். அவரை நாடுகடத்தி, 1938இல் சைபீரியாவின் தோம்ஸ்க் நகரில் சுட்டுக்கொன்றார்கள். இடிபடும் முன் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த மொசைக்குகளில் ஒன்றான ‘திருவிருந்து’ இப்போது சோபியாவில் இருக்கிறது. தெசலோனிக்காவின் புனித டிமிட்ரி மொசைக் கண்காட்சிக்கென்று மாஸ்கோ போனது. இன்றும் அங்கே திரெத்தியாகோவ் கலைக்கூடத்தில்தான் இருக்கிறது. இரவல் வாங்கியதைத் திருப்பித் தராததற்கு எந்த நியாயமும் கிடையாது.

மிகைல் மடத்தின் வெளிச்சுவர் இப்போது ஒரு நினைவிடம். 2014 முதல் கிழக்கு உக்ரைனிலும், 2022க்குப் பிறகு நாடு முழுவதிலும் போரில் இறந்த வீரர்களின் படங்கள் அதில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டுத் தலைவர்கள் மலர் வைப்பது இங்கேதான். முன்னாலுள்ள சதுக்கத்தில் எரிந்து துருவேறிய ரஷ்ய பீரங்கி வண்டிகளை 2022 முதல் நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

பக்கத்துக் குன்றின் மேல் உக்ரைன் தேசிய வரலாற்று அருங்காட்சியகம். வாசலுக்கு முன்னால், 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு 1240இல் மங்கோலியப் படையெடுப்பில் இடிந்த தசமபாக ஆலயத்தின் அடித்தளக் கோடுகள் தரையில் தெரியும். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஆகஸ்ட் 23 அன்று கீவ் வந்தபோது, போரில் இறந்த குழந்தைகளை நினைவுகூரும் காட்சியை இந்த அருங்காட்சியகத்தில்தான் பார்த்தார்.

வெற்றுச் சுவர்களும் பூட்டிய அறையும்

மேல் நகரத்திலிருந்து இறங்கினால் மைதான் என்று உலகம் அறிந்த விடுதலைச் சதுக்கம். 2014 பிப்ரவரி 18 முதல் 20 வரை இங்கேயும், மேலே ஏறும் இன்ஸ்டிடுட்ஸ்கா தெருவிலும் அரசை எதிர்த்துத் திரண்ட போராட்டக்காரர்கள் சுடப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தவர்களை ‘விண்ணுலக நூற்றுவர்’ என்று நாடு அழைக்கிறது. தெருவின் அந்தப் பகுதிக்கும் அவர்கள் பெயர்தான். படங்களும் பூக்களும் தெருவோரம் முழுக்க இருக்கின்றன. சதுக்கத்துப் புல்வெளியில் 2022க்குப் பிறகு வேறொரு நினைவிடம் தானாக முளைத்தது. இறந்த ஒவ்வொருவருக்கும் உறவினர்கள் ஒரு சின்னக் கொடியை நட்டுப் பெயரை எழுதுகிறார்கள். அரசு வடிவமைக்காத இந்த இடம் கல்லில் கட்டிய எந்த நினைவுச் சின்னத்துக்கும் குறைந்ததல்ல.

சதுக்கத்துக்கு அருகே ஹ்ருஷெவ்ஸ்கி தெருவில் தேசியக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. வாசலில் இரண்டு சிங்கங்கள் காக்கும் இந்தக் கட்டடம் 2014 குளிர்காலத்தில் தடுப்பரண்களுக்கும் காவல்துறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆனால் இதன் பெருங்கதை 1937இல் தொடங்குகிறது. ஸ்டாலினின் களையெடுப்பில் ஓவியர்கள் ‘மக்கள் விரோதிகள்’ ஆனபோது அவர்களுடைய படைப்புகளும் குற்றவாளிகளாயின. உக்ரைன் முழுவதிலுமிருந்து அப்படிப்பட்ட ஓவியங்களைக் கொண்டுவந்து ‘சிறப்புத் தொகுப்பு’ என்ற பெயரில் பூட்டிவைத்தார்கள். அழிப்பதுதான் நோக்கம். பைசாந்திய மரபையும் நாட்டுப்புறக் கலையையும் இணைத்துத் தனிப் பள்ளியை உருவாக்கிய மிஹைலோ பாய்ச்சுக் 1937 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஓவியரான அவர் மனைவி சோபியாவும் அதே ஆண்டு டிசம்பரில் கொல்லப்பட்டார். பாய்ச்சுக் குழுவினர் வரைந்த சுவரோவியங்களையும் சுரண்டி அழித்தார்கள். பூட்டிய அறையில் இருந்த கான்வாஸ்கள் மட்டும், சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டிய நிலையில், எப்படியோ தப்பின. 2015இல் அந்தத் தொகுப்புக்கென்றே இந்த அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது.

அதே தலைமுறை ஓவியங்கள் மீண்டும் ஒரு முறை தப்ப வேண்டியிருந்தது. 2022 நவம்பர் 15 அன்று, கீவின் மேல் ஏவுகணைகள் பொழிந்த அதே நாளில், உக்ரைன் நவீனத்துவ ஓவியங்களை ஏற்றிய லாரிகள் ரகசியமாக எல்லையை நோக்கிப் புறப்பட்டன. அவை மாட்ரிட், கொலோன், பிரஸ்ஸல்ஸ், வியன்னா, லண்டன் என்று ஊர் ஊராகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ரஷ்ய ஓவியர்கள் என்று மேற்கத்திய நூல்கள் வழக்கமாகக் குறித்துவந்த அலெக்சாந்திரா எக்ஸ்டர் போன்றோரின் கீவ் வாழ்க்கையை ஐரோப்பியப் பார்வையாளர்கள் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

தெரெஷ்சென்கிவ்ஸ்கா தெருவிலுள்ள ஹனென்கோ அருங்காட்சியகம் ஒரு தம்பதியின் சேகரிப்பு. போஹ்தான் ஹனென்கோவும், சர்க்கரை ஆலை அதிபர்களின் குடும்பத்தில் பிறந்த அவர் மனைவி வர்வாராவும் ஐரோப்பா முழுக்கத் தேடித் தேடி வாங்கியவை இவை. போஹ்தான் 1917இல் இறந்த பிறகு, புரட்சிக் கலவரத்தின் நடுவே, தொகுப்போடு ஜெர்மனிக்குப் போய்விடும்படி வர்வாராவுக்கு அழைப்பு வந்தது. அவர் நகரவில்லை. எல்லாவற்றையும் கீவுக்கே கொடுத்துவிட்டு அதே வீட்டின் ஒரு மூலையில் வாழ்ந்து 1922இல் இறந்தார். அதற்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தத் தம்பதியின் பெயரை அருங்காட்சியகத்தின் பெயரிலிருந்து நீக்கினார்கள். பெயர் திரும்பி வருவதற்குச் சோவியத் ஒன்றியமே மறைய வேண்டியிருந்தது.

இங்குள்ள மிக அரிய பொருள்கள் சீனாய் மலையின் மடத்திலிருந்து வந்த நான்கு சிறிய பலகைப் படங்கள். 6, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மெழுகோடு நிறம் கலந்து தீட்டியவை. கிறித்தவத் திருவுருவப் படங்களில் உலகில் எஞ்சியவற்றுள் மிகப் பழைமையானவற்றில் இவை அடங்கும். 2022 அக்டோபர் 10 அன்று எதிரேயுள்ள பூங்காவில் ஏவுகணை விழுந்து அருங்காட்சியகத்தின் சன்னல்கள் நொறுங்கின. தொகுப்பு முன்கூட்டியே அகற்றப்பட்டிருந்ததால் ஓவியங்கள் பிழைத்தன. அடுத்த ஆண்டு இந்தப் பலகைப் படங்கள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. கீவில் படங்கள் இல்லாத கூடங்களைப் பூட்டிவைக்காமல், இசை நிகழ்ச்சிகளுக்கும் இன்றைய கலைஞர்களின் காட்சிகளுக்கும் திறந்துவிட்டார்கள். மரவேலைப்பாடும் சித்திரக் கூரையும் கொண்ட அந்த மாளிகையை, சுவர்கள் வெறுமையாக இருந்தாலும், நேரில் பார்க்க வேண்டும்.

பெச்செர்ஸ்க் மேடு

கீவ் மெட்ரோவில் ஆர்செனால்னா நிலையம் தரைக்குக் கீழே 105 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. உலகின் மிக ஆழமான மெட்ரோ நிலையங்களில் ஒன்று. போர்க்காலத்தில் மக்கள் குழந்தைகளோடு வந்து படுத்துறங்கும் பதுங்கிடமும் அதுவே. மேலே ஏறி வந்து தெற்கே நடந்தால் மூன்று பெரிய இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன.

முதலாவது ஹொலொதோமோர் தேசிய அருங்காட்சியகம். 1932-33இல் ஸ்டாலின் அரசு கிராமங்களிலிருந்து தானியத்தைப் பறித்து, விவசாயிகள் வெளியேறவும் தடை போட்டு உண்டாக்கிய பஞ்சத்தில் உக்ரைனில் சுமார் 39 லட்சம் பேர் இறந்ததாக அந்நாட்டு மக்கள்தொகை ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தச் சாவைப் பற்றி வெளியே பேசவே முடியாது. 2008 நவம்பரில் திறந்த இந்த நினைவிடத்தில் மெழுகுவத்தி வடிவில் சுமார் 30 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. அதன் வழியில், மெலிந்த கைகளில் ஐந்து கோதுமைக் கதிர்களை நெஞ்சோடு அணைத்த சிறுமியின் வெண்கலச் சிலை. அறுவடை முடிந்த கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கியவர்களையும் தண்டிக்க வழிசெய்த 1932 ஆகஸ்ட் 7ஆம் தேதிச் சட்டத்தைச் சிற்பி அந்தக் கைகளில் வைத்திருக்கிறார். பார்வையாளர்கள் சிலையின் காலடியில் ஆப்பிள், ரொட்டி, மிட்டாய் வைத்துவிட்டுப் போகிறார்கள். நிலத்தடிக் கூடத்தில் இறந்தவர்களின் பெயர்கள் அடங்கிய நினைவுப் புத்தகங்கள் உள்ளன. நவம்பர் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை நினைவு நாள். அன்று மாலை வீடுகளின் சன்னல்களிலும் மெழுகுவத்தி எரியும்.

அடுத்தது 1051இல் தொடங்கியதாகக் கருதப்படும் பெச்செர்ஸ்க் குகை மடம். நிலத்தடிச் சுரங்கங்களில் துறவிகளின் உடல்கள் கெடாமல் இருக்கின்றன. கையில் மெழுகுவத்தியோடு குனிந்து நடந்து பார்ப்பது வழக்கம். 96.5 மீட்டர் உயர மணிக்கூண்டு 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அருகிலுள்ள பெரிய ஆலயம் 1941 நவம்பரில் வெடித்துச் சிதறி, 2000இல் மீண்டும் எழுந்தது.

வளாகத்துக்குள் பல சிறிய அருங்காட்சியகங்கள் உண்டு. நேரம் குறைவாக இருப்பவர்கள் வரலாற்றுக் கருவூலத்துக்கு முதலில் போகலாம். பழங்கால நாடோடிகளான சித்தியர்களின் தங்கம் என்று உலகம் பேசும் பொருள்களின் வீடு அது. அவற்றுள் தலையாயது தோவ்ஸ்தா மொஹீலா மேட்டில் கிடைத்த மார்பணி. கொதிகலன் அறைத் தொழிலாளியாக வேலை பார்த்தவரும் கவிஞருமான போரிஸ் மொசொலெவ்ஸ்கி 1971 ஜூன் 21 அன்று அதைத் தோண்டியெடுத்தார். பழங்காலக் கொள்ளையர்கள் நடுக் கல்லறையைச் சூறையாடியிருந்தார்கள். நுழைவழியில் கிடந்த இது மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தது. எடை 1,150 கிராம், குறுக்களவு 30 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், காலம் கி.மு. 4ஆம் நூற்றாண்டு. பிறை வடிவில் மூன்று அடுக்குகள். கீழடுக்கில் கழுகுமுகச் சிங்கங்கள் குதிரைகளைக் கிழிக்கின்றன. நடுவில் கொடிகளும் பூக்களும். மேலடுக்கில் இரண்டு ஆண்கள் மண்டியிட்டு ஒரு ஆட்டுத்தோல் சட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருக்கிறார்கள்; அவர்களைச் சுற்றிக் கன்றோடு பசு, குட்டியோடு குதிரை, ஆட்டில் பால் கறக்கும் இளைஞன். போர்வெறியர்கள் என்று கிரேக்கர்கள் எழுதிவைத்த ஒரு இனத்தின் வீட்டு வாழ்க்கை இதைவிடத் துல்லியமாக வேறெங்கும் பதிவாகவில்லை.

கிரிமியா அருங்காட்சியகங்களின் தொல்பொருள்களும் இதே கருவூலத்துக்கு வந்து சேர்ந்தன. 2014 தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்குப் போயிருந்தபோது ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதால், யாரிடம் திருப்பித் தருவது என்பது வழக்கானது. 2023 ஜூனில் நெதர்லாந்து உச்ச நீதிமன்றம் உக்ரைனுக்கே உரிமை என்று தீர்ப்பளிக்க, அந்த நவம்பரில் 565 பொருள்கள் கீவ் வந்து சேர்ந்தன. மடத்து வளாகத்திலேயே இருக்கும் நாட்டுப்புற அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் மரியா பிரிமாச்சென்கோவின் விசித்திர விலங்கு ஓவியங்களின் பெரும் தொகுப்பு உள்ளது. 2022இல் இவான்கிவ் ஊர் அருங்காட்சியகம் குண்டுவீச்சில் எரிந்தபோது ஊர்க்காரர்கள் தீக்குள் புகுந்து எடுத்துவந்தது இவருடைய ஓவியங்களைத்தான்.

மூன்றாவது இடம், பீடத்தோடு சேர்த்து 102 மீட்டர் உயரத்தில், வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் எஃகுச் சிலை. 1981இல் இரண்டாம் உலகப் போர் அருங்காட்சியகத்தோடு திறந்தது. கேடயத்தில் இருந்த அரிவாள் சுத்தியல் சின்னத்தை 2023 ஆகஸ்ட் மாதம் அகற்றி உக்ரைனின் திரிசூலச் சின்னத்தைப் பொருத்தினார்கள். உள்ளே, 2022 மே மாதத்திலேயே, படையெடுப்பு தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், புதிய போரைப் பற்றிய காட்சி தொடங்கிவிட்டது. விடுவிக்கப்பட்ட ஊர்களுக்கு ஊழியர்களே சென்று பொருள்களைச் சேகரித்தார்கள். பாதி எரிந்த பாடப்புத்தகமோ துளைபட்ட வாயிற்கதவோ வரலாறாக மாறும் வரை காத்திருக்காமல் அன்றே ஆவணமாக்கிய இந்த வேகத்துக்கு அருங்காட்சியகத் துறையில் முன்னுதாரணம் அரிது.

போதில் முதல் புறநகர்க் காடு வரை

ஆற்றோரத் தாழ்நிலமான போதில் பகுதியில், பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் 1992 ஏப்ரல் 26 முதல் செர்னோபில் தேசிய அருங்காட்சியகம் இயங்கியது. 1986இல் அதே தேதியில் நான்காம் அணு உலை வெடித்தபோது முதலில் ஓடியவர்கள் தீயணைப்பு வீரர்கள். அவர்களும் உலைப் பணியாளர்களுமாக 28 பேர் அடுத்த சில மாதங்களில் கடுமையான கதிரியக்கப் பாதிப்பால் இறந்தார்கள். அருங்காட்சியகப் படிக்கட்டில் ஏறும்போது தலைக்கு மேல் ஊர்ப்பெயர்ப் பலகைகள் தொங்கின. அவை மக்கள் காலிசெய்த ஊர்களின் பலகைகள். விபத்து நடந்து ஐந்தாம் நாள், காற்று கீவ் பக்கம் திரும்பிய பிறகும், கிரெஷ்சாதிக் சாலையில் குழந்தைகளோடு மே தின ஊர்வலம் நடத்தினார்கள். மக்களிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டதுதான் இந்த அருங்காட்சியகம் சுமத்திய பெரிய குற்றச்சாட்டு.

நகரின் வடமேற்கில், தொரொஹோஜிச்சி மெட்ரோ நிலையத்தருகே பாபின் யார் பள்ளத்தாக்கு. 1941 செப்டம்பர் 28 அன்று கீவ் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: யூதர்கள் அனைவரும் மறுநாள் காலை 8 மணிக்கு, ஆவணங்கள், பணம், கம்பளி உடைகளோடு குறிப்பிட்ட தெருமுனைக்கு வர வேண்டும். வேறு ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நம்பி வந்தவர்களை இந்தப் பள்ளத்தாக்கில் நிறுத்திச் சுட்டார்கள். 29, 30 ஆகிய இரண்டு நாளில் 33,771 பேர் என்று நாஜிக் கொலைப்படையே மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது. பிறகு இரண்டு ஆண்டுகளில் ரோமா மக்கள், போர்க் கைதிகள், மனநல மருத்துவமனை நோயாளிகள், உக்ரைன் தேசியவாதிகள் என்று இன்னும் பல்லாயிரம் பேர்.

போருக்குப் பிந்தைய ஆட்சி இந்தப் பள்ளத்தை நினைவிடமாக்கவில்லை, நிரப்பப் பார்த்தது. செங்கல் ஆலைக் கழிவுச் சேற்றை ஆண்டுக்கணக்கில் உள்ளே விட்டார்கள். 1961 மார்ச் 13 அன்று கரை உடைந்து சேறு குரெனிவ்கா பகுதியை மூழ்கடித்தது. அதிகாரபூர்வக் கணக்கே 145 பேர் இறந்ததாகச் சொல்லிற்று. உண்மை எண்ணிக்கை பல மடங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1976இல் வைத்த பெரிய வெண்கலச் சிற்பம் சோவியத் குடிமக்களுக்கும் போர்க் கைதிகளுக்கும் அஞ்சலி செலுத்தியது. யூதர் என்ற சொல் அதில் இடம்பெறவில்லை. ஏழு கிளை விளக்கு வடிவ நினைவுச் சின்னம், படுகொலையின் 50ஆம் ஆண்டான 1991இல்தான் வந்தது. கொல்லப்பட்ட குழந்தைகளுக்கான சிலையும், ரோமா மக்களின் வண்டியும் பின்னர் வந்தன. 2021இல் மான்வெல் ஹெர்ட்ஸ் வடிவமைத்த மரத் தொழுகைக்கூடம் மூடிய புத்தகம்போல நிற்கிறது. கையால் சுழற்றித் திறக்கும்போது உள்ளே மேடையும் இருக்கைகளும் விரிகின்றன. 1941 செப்டம்பர் 29 இரவில் கீவ் வானில் விண்மீன்கள் இருந்த அமைப்பே அதன் விதானத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. சிதறிக் கிடக்கும் இத்தனை சின்னங்களையும் பார்க்க அரை நாளாவது வேண்டும். பக்கத்திலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தை 2022 மார்ச் 1 அன்று ரஷ்ய ஏவுகணை தாக்கியபோது ஐந்து பேர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் இறந்தார்கள்.

ஆற்றின் இடக்கரையில் பிகிவ்னியா காடு. 1937 முதல் 1941 வரை சோவியத் ரகசியக் காவல்துறை கொன்றவர்களை இரவில் லாரிகளில் கொண்டுவந்து இங்கே புதைத்தது. மிஹைலோ பாய்ச்சுக்கும் இங்கேதான் கிடப்பதாகக் கருதப்படுகிறது. கவிஞர் வசில் சிமொனென்கோ, ஓவியர் அல்லா ஹோர்ஸ்கா, நாடக இயக்குநர் லெஸ் தன்யுக் ஆகிய மூன்று இளைஞர்கள் 1960களின் தொடக்கத்தில் கிராமத்தாரின் பேச்சைக் கேட்டு இந்தக் குழிகளைக் கண்டு, விசாரணை கோரினார்கள். நாஜிகள் செய்தது என்றே அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. 1989இல்தான் உண்மையை ஒப்புக்கொண்டது. பைன் மரங்களின் அடிப்பகுதியில் பூவேலை செய்த வெள்ளைத் துண்டுகளைக் குடும்பத்தார் கட்டிவைத்திருக்கிறார்கள். கொல்லப்பட்ட போலந்துக்காரர்களுக்கான பகுதி 2012இல் திறந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் அதிகம் அழைத்துப்போகாத இந்தக் காட்டைத் தவிர்த்துவிட்டுக் கலை அருங்காட்சியகத்தை மட்டும் பார்ப்பது பாதிக் கதையோடு திரும்புவதாகும்.

தெற்கு ஓரத்தில் பிரோஹிவ் திறந்தவெளி அருங்காட்சியகம். 1976இல் திறந்த இங்கே நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த குடிசைகள், மர ஆலயங்கள், காற்றாலைகள் நிற்கின்றன. வொலீன் பகுதியின் சமாரி கிராமத்திலிருந்து வந்த மர வீட்டின் காலம் 1587. வளாகம் நூறு ஹெக்டேருக்கும் அதிகம் என்பதால் ஒரு முழுநாள் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

2022 பிப்ரவரி முதல் கீவுக்குப் பயணிகள் விமானம் கிடையாது. போலந்து எல்லையிலிருந்து ரயிலில் போவதே வழக்கம். போர் முடியும்வரை இந்த நகரத்துக்குச் சுற்றுலாவாகப் போவது உயிராபத்து. இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் எச்சரிக்கைகளைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. நகரில் இரவு ஊரடங்கு உண்டு. சைரன் ஒலித்தால் அருங்காட்சியகங்கள் கதவை மூடிப் பார்வையாளர்களைப் பதுங்கிடத்துக்கு அனுப்பும். எச்சரிக்கை நீங்கிய பிறகே மீண்டும் திறக்கும். பல இடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. மதிப்புமிக்க மூலப்பொருள்களில் பல பாதுகாப்புக்காகக் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டிருப்பதால், குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்க விரும்புவோர் அது இப்போது காட்சியில் இருக்கிறதா என்று அந்தந்த அருங்காட்சியகத்திடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.